உன் சீரியலில் வராத காட்சி

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

அன்புள்ள சாந்தி,

பொங்கலுக்கு எழுதுகிறேன் என்றவள் மாம்பழ சீசனில் எழுதுகிறேன். திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அண்ணன் இன்னும் அதே ஸ்கூட்டரைத்தான் உதைத்துக்கொண்டிருக்கிறார். மூக்கன் வாத்தியார் வேலந்தாவளத்தில் யோகா வகுப்பு எடுக்கிறாராம். நம்பித்தான் ஆகவேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதுகிற சீரியலில் அந்த மருமகளை நடுராத்திரி வீட்டை விட்டுத் துரத்தினாயே, இடி, மழை, கையில் சூட்கேஸ், ஆளாளுக்கு மூன்று தடவை ஜூம். எங்கள் தெருவே உட்கார்ந்து பார்த்தது. கொஞ்ச நாளில் தெருவிலேயே ஒருத்தி வெளியே வந்து நின்றாள். நல்ல வெயில். சூட்கேஸ் எல்லாம் இல்லை, ஒரு கட்டைப்பை. அதற்குள் பையனுடைய யூனிஃபார்மும் நோட்டுகளும். பெயர் வேண்டாம், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இங்கே கட்டிக்கொடுத்த பெண். அவள் புருஷனிடம் அடி வாங்குவது எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. பஸ் ஸ்டாப் நிழற்குடையில் உட்கார்ந்திருந்தவளிடம் எங்கே போகிறாய் என்று கேட்டேன். "வீடு மாமியார் பேர்ல இருக்குக்கா. போன்னு சொன்னா போகணும்தானே?" என்றாள்.

இதை அவளுக்கு யாரடி சொல்லிக்கொடுத்தது? உன்னை மட்டும் சொல்லவில்லை. மலையாளம், தமிழ் இரண்டு சேனலும் விழுகிற ஊர் இது. இரண்டிலும் மருமகள் அடி வாங்குகிறாள், அழுகிறாள், வெளியே போகிறாள். அப்புறம் ஒருநாள் கோடீஸ்வரியாகித் திரும்பி வந்து பழிவாங்குகிறாள். நடுவில் அவள் யாரிடம் போனாள், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள் என்பது மட்டும் வருவதே இல்லை. 2005-ல் போட்ட குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வீடு யார் பேரில் இருந்தாலும் அவள் வாழ்ந்த வீட்டில் தங்க அவளுக்கு உரிமை உண்டு, சட்டப்படி அல்லாமல் வெளியேற்ற முடியாது என்கிறது. மாமியார் பேரில் உள்ள வீட்டில் மருமகள் அப்படிக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2006 டிசம்பரில் சொல்லியிருந்தது. 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து அது தப்பு என்று மாற்றினார்கள். கிட்டத்தட்ட பதினான்கு வருஷக் கதை! உனக்கு ஐந்நூறு எபிசோடு வருமே.

அங்கன்வாடி டீச்சர்தான் பாலக்காட்டில் இந்தச் சட்டத்துக்கென்றே இருக்கிற பாதுகாப்பு அதிகாரிக்குப் போன் போட்டார். அங்கே, நடந்த கொடுமையை எழுதுகிற அறிக்கைப் படிவம் மலையாளத்தில் இருந்தது. இவளுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். அறைந்தாரா, உதைத்தாரா என்ற வரிசைக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். விருப்பமில்லாமல் கட்டாயப்படுத்தினாரா என்று வந்தபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அதுக்கும் போடுங்க" என்றாள். அப்புறம் பணம். செலவுக்குக் கொடுக்காமல் இருந்தாரா, உன் சம்பளத்தை வாங்கிக்கொண்டாரா என்று கேட்டேன். சட்டென்று நிமிர்ந்து, "இதெல்லாமா சேரும்?" என்றாள். தையல் கூலி முழுவதும் இத்தனை வருஷம் அவன் கையில்தான் போயிருக்கிறது. அதற்குப் பிறகு அவளே பேச ஆரம்பித்தாள். பேனா ஓடவில்லை எனக்கு. அந்த அறையில் ஒரு கேமரா இருந்திருந்தால், ஜூமே வேண்டாம், சும்மா வைத்திருந்தாலே போதும்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். கோர்ட் சீன் வந்தால் ரிமோட்டைத் தூக்கிவிடுவார்கள் என்று சேனல்காரர் சொன்னதாக நீதானே சொன்னாய். ஊரில் நடப்பதைத்தான் காட்டுகிறோம் என்றும் சொன்னாய். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், ஏதாவது ஒரு காரணத்துக்குப் புருஷன் அடிக்கலாம் என்று கேரளத்தில் நூற்றுக்கு 52 பெண்களே சொல்லியிருக்கிறார்கள். ஆந்திராவில் 84 பேர். கேட்ட காரணங்கள் என்ன தெரியுமா? சொல்லாமல் வெளியே போவது, எதிர்த்துப் பேசுவது, சமையல் சரியில்லை, மாமனார் மாமியாரை மதிக்கவில்லை. உன் மாமியார் கேரக்டருக்கு நீ எழுதுகிற வசனம்தானடி இதெல்லாம்!

அவளுடைய அப்பா வந்தார். போலீஸ் என்ற பேச்சை எடுத்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "டிவியில போட்டுருவாங்கம்மா." 2019-ல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போலீஸ் அதிகாரியே வெளியே சொன்னதும், அந்தப் பெண்கள் கதறுகிற வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டியதும் அவர் கண்ணால் பார்த்தது. பெயரைச் சொன்னதற்காக 25 லட்சம் கொடுக்க ஹைகோர்ட் மதுரைக் கிளை உத்தரவிட்டது அவருக்குத் தெரியாது. 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது அரைகுறையாகத் தெரியும். ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னாரே, அது சுத்தமாகத் தெரியாது. பயத்தைச் சொன்ன அளவுக்கு அவருக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது சாந்தி. அவர்மேல் இல்லை.

இப்போது இடைக்கால உத்தரவு வாங்கி அவள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். மனு போட்டால் 3 நாளுக்குள் முதல் வாய்தா, 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். வழக்கு இழுக்கத்தான் போகிறது. புருஷன் திண்ணையோடு சரி. மாமியாரும் இவளும் பேசுவதில்லை, தனித்தனி அடுப்பு. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு ஹாலில் உன் சீரியலுக்கு இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுகிறார்கள், ஆளுக்கொரு மூலையில்! நான் சிரித்ததற்கு என்னை முறைத்தாள்.

அதனால் கேட்கிறேன், பார்க்கிற ஆளுக்குக் குறைவில்லை. துரத்திய அந்த மருமகளை எங்கே கொண்டுபோகப் போகிறாய்? கோடீஸ்வரி ஆக்குவதற்கு முன்னால் ஒரே ஒருநாள் அந்தப் படிவத்துக்கு முன்னால் உட்காரவை. பெண்கள் உதவி எண் 181-க்கு ஒரு போனாவது போடவை. படிவத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன்.

முதலமடை மாம்பழம் ஒரு பெட்டி பார்சலில் வருகிறது. லஞ்சம் என்றே வைத்துக்கொள். பழுக்காத நாலைந்தை அரிசியில் போடு. அடுத்த ஷெட்யூலுக்கு உட்காருவதற்கு முன்னால் போன் பண்ணு, ஞாயிற்றுக்கிழமை என்றால் மத்தியானத்துக்கு மேல்.

உன்,
கல்யாணி