அமெரிக்க ரம்பமும் செங்கோட்டை மின்சாரமும்

செங்கோட்டை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மதினிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி.

அமெரிக்காவிலிருந்து வரும் உன் மகன் தச்சு இயந்திரங்களையும் கப்பலில் ஏற்றப் போவதாகவும், ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி வைத்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறாய். என் மருமகன் அங்கிருந்து கொண்டுவந்த பேண்ட்சாவில், அதாவது மரம் அறுக்கும் பட்டை ரம்பத்தில், நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

அதன் நேம்பிளேட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 1,725 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்றிருந்தது. நானும் 230 வோல்ட்டை 120 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மரை வாங்கி இணைத்தேன். மரம் வைக்காமலே ஓடவிட்டும் கால் மணி நேரத்தில் மோட்டாரின் மேல் கை வைக்க முடியவில்லை. வார்னிஷ் கருகும் வாசனை வேறு. மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டுபவரைத் தென்காசியிலிருந்து வரவழைத்தேன். அவர் நேம்பிளேட்டைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்துவிட்டு, "வோல்ட்டை மாற்றினீர்கள், சைக்கிளை யார் மாற்றுவது?" என்றார்.

சைக்கிள் என்றால் ஹெர்ட்ஸ்தான், மின்சாரம் நொடிக்கு எத்தனை அலை அடிக்கிறது என்ற கணக்கு. நம்முடைய 50 சைக்கிளை எந்த டிரான்ஸ்பார்மரும் 60 ஆக்காது. சைக்கிள் குறையும்போது ஒவ்வொரு அலையும் நீள்வதால், அதே 120 வோல்ட்டில் மோட்டாரின் இரும்பு தாங்கும் அளவை மீறிக் காந்தம் ஏறுகிறது. கரண்ட் கூடிக் காயில் சுடுகிறது. ஆகவே வோல்ட்டையும் ஆறுக்கு ஐந்தாகக் குறைத்து 100 கொடுக்க வேண்டும். அவ்வாறே டிரான்ஸ்பார்மரில் 100 வோல்ட் தரும் வேறு டேப்பிங்கில் (இணைப்பு முனையில்) மாற்றிக் கொடுத்தார், சூடு அடங்கியது. ஆனால் மோட்டாரின் வேகம் 1,425 பக்கம் இறங்கிவிட்டதால், ரம்பம் பழைய வேகத்தில் ஓட, மோட்டாரிலிருந்த பத்து சென்டிமீட்டர் புல்லியைக் கழற்றிப் பன்னிரண்டு போட்டோம். அதனால் மோட்டாருக்குப் பாரம் கூடியிருக்கிறது. தேக்கை அவசரப்படாமல்தான் தள்ளுகிறேன்.

240 வோல்ட் இயந்திரம் வந்தால் நம் ஊர் மின்சாரத்துக்குச் சரி என்று மகிழ்ந்துவிடாதே; அதுவும் 60 மட்டுமே என்றால் 200 வோல்ட்தான் கேட்கும். கார்பன் பிரஷ் வைத்த கை டிரில்லுக்குச் சைக்கிள் கவலை இல்லை, ஸ்டெப் டவுன் போதும்.

கேரளத்தில் உங்கள் புனலூரிலும் எங்கள் ஊரிலும் ஒரே 230, ஒரே 50. ஆரியங்காவு தாண்டினால் போர்டில் எழுத்துதான் மாறுகிறது. ஜப்பானிலோ 1890களில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரையும் வாங்கியதால், ஒரே நாட்டில் கிழக்கே 50, மேற்கே 60 என்று இன்றும் ஓடுகிறது.

பெட்டி கட்டுவதற்கு முன் ஒவ்வொரு நேம்பிளேட்டையும் படமெடுத்து அனுப்பச் சொல். 50/60 என்று போட்டிருப்பதைத் தாராளமாக ஏற்றலாம். மற்றவற்றைக் காயில்காரரிடம் காட்டிவிட்டு எழுதுகிறேன்.

மற்றவை உன் பதில் கண்டு.

அன்புடன்,
உன் செங்கோட்டை நண்பன்