வெட்டிய மரம் இருக்கட்டும், அந்த நிலம் என்ன ஆனது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரேசில் காடுகளைப் பற்றி ஆறு மாத இடைவெளியில் இரண்டு செய்திகள் வந்தன. 2024 நவம்பரில் வந்த செய்தி, அமேசான் காடழிப்பு 30 சதவீதத்துக்கு மேல் குறைந்து 6,288 சதுர கிலோமீட்டர் ஆனது என்றது. 2025 மே மாதம் வந்ததோ, 2024இல் உலகம் இழந்த வெப்பமண்டலப் பழங்காடு (மனிதர் கை அதிகம் படாத இயற்கைக் காடு) 67 லட்சம் ஹெக்டேர், அதில் பிரேசிலின் பங்கு மட்டும் 28 லட்சம் ஹெக்டேர், அதாவது 28,000 சதுர கிலோமீட்டர் என்றது. இரண்டையும் படித்தவர், ஏதோ ஒன்று பொய் என்றுதான் நினைத்திருப்பார். இரண்டுமே சரி. அளந்த பொருள்தான் வேறு.

முதல் கணக்கு, பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் எடுத்துவரும் 'புரோதெஸ்' கணக்கு. இதற்கு ஆண்டு என்பது ஆகஸ்ட் முதல் ஜூலை வரை. அமேசான் பகுதியில் 6.25 ஹெக்டேருக்குக் குறையாமல் முழுக்க மொட்டையடிக்கப்பட்ட காடுதான் இதில் ஏறும். தீ உள்ளே புகுந்து பாதி மரங்கள் கருகினாலும், மிச்சம் நின்றுகொண்டிருந்தால் கணக்கில் வராது. இரண்டாவது, அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் படங்களை 30 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து எடுப்பது. ஜனவரி முதல் டிசம்பர் வரை, நாடு முழுவதற்கும், தீயில் போன மரங்களையும் சேர்த்து எண்ணுகிறது. 2024 வறட்சியில் பெருந்தீ பெரும்பாலும் பரவியது ஆகஸ்ட் முதல். அதனால் அது ஜூலையோடு முடிந்த முதல் கணக்கின் கண்ணில் படவே இல்லை.

'காடு' என்ற சொல்லிலும் இதே குழப்பம் உண்டு. ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் வரையறைப்படி, அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் ஐந்து மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மரங்கள் இருந்து, அவற்றின் நிழல் நிலத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தால் அது காடு. ரப்பர் தோட்டம் இதில் சேரும், எண்ணெய்ப்பனைத் தோட்டம் சேராது. ஆக, ஒரு சரிவில் பழங்காட்டை அழித்து ரப்பர் வைத்தால் ஏட்டில் காடு காடாகவே இருக்கும். பக்கத்துச் சரிவில் எண்ணெய்ப்பனை வைத்தால் அது காடழிப்பு. அங்கே வாழ்ந்த பறவைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதே அமைப்பின் 2025 மதிப்பீட்டில், 2015 முதல் ஆண்டுக்கு 1.09 கோடி ஹெக்டேர் காடு அழிந்திருக்கிறது. நிகர இழப்பு என்று பார்த்தால் 41 லட்சம்தான். இடையிலுள்ள 68 லட்சம், புதிதாக நட்டதும் தானாக முளைத்து வந்ததும். நிகர எண்ணை மட்டும் தலைப்பில் போடுவது, ஒரு வீட்டில் திருடுபோன நகையையும் இன்னொரு வீட்டில் வாங்கிய கவரிங்கையும் ஒரே தராசில் நிறுப்பது போன்றது.

காரணத்துக்கு வருவோம். காடழிப்புச் செய்தி என்றாலே ரம்பமும் லாரியும்தான் படத்தில் வருகின்றன. ஆனால் உலகக் காடழிப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் வேளாண்மைக்காக என்பது அதே அமைப்பு 2021இல் வெளியிட்ட செயற்கைக்கோள் ஆய்வின் முடிவு. பாதி பயிர் நிலத்துக்கு, 38 சதவீதம் மேய்ச்சலுக்கு.

அமேசானில் இது நடக்கும் வரிசை ஏறத்தாழ மாறுவதில்லை. முதலில் சாலை. அங்கு அழிந்த காட்டில் சுமார் 95 சதவீதம், சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள் அல்லது ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. சாலை வந்ததும் விலைபோகும் சில மரங்களை மட்டும் தேர்ந்தெடுத்து வெட்டுவார்கள். அதில் வரும் காசு அடுத்த வேலைக்கு முதலீடு. பிறகு மழை ஓய்ந்ததும் மீதியை வெட்டிச் சாய்த்து, சில வாரங்களோ மாதங்களோ காயவிட்டு, வறட்சி உச்சத்தில் தீ வைப்பார்கள். சாம்பலின் மேல் புல் விதை தூவப்படும். அந்த மண் அமிலத்தன்மை உள்ளது, பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொண்டு செடிக்கு விடாது. வளமெல்லாம் மரத்தில் இருந்தது, அதை எரித்தாயிற்று. சாம்பலின் வலு சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும், புல் மெலிந்து களை ஏறும். ஹெக்டேருக்கு ஒரு மாடு என்ற அளவில் மேய்ச்சல் நடக்கிற இடத்தில் லாபம் மாட்டில் மட்டும் வருவதில்லை. மாடு நிற்பதே 'இது என் நிலம்' என்பதற்குச் சாட்சி. பட்டா கிடைத்தால் விலை பல மடங்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் மாட்டிறைச்சியை மட்டும் குறை சொல்வதில் பயன் குறைவு.

இந்தோனேசியாவில் கதை தண்ணீரில் தொடங்குகிறது. மட்காத தாவரக் கழிவு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தேங்கிய பீட் சதுப்பு அங்கே பல மீட்டர் ஆழம் இருக்கிறது. நீரில் ஊறிக்கிடக்கும்வரை அது எரியாது, மட்கவும் செய்யாது. 1996இல் போர்னியோ தீவிலுள்ள மத்திய கலிமந்தான் மாகாணத்தில் பத்து லட்சம் ஹெக்டேரை நெல் வயலாக்கும் அரசுத் திட்டம் தொடங்கி, 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கால்வாய் வெட்டினார்கள். நீர் வடிந்தது, நெல் விளையவில்லை, அடுத்த ஆண்டே, பசிபிக் கடல் சூடேறுவதால் வரும் எல் நினோ வறட்சியில் சதுப்பு பற்றிக்கொண்டது. பீட் தீ மண்ணுக்கடியில் கனன்று நகரும். மேலே தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, பெருமழை வரவேண்டும். 2015இல் அந்த நாட்டில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. நட்டம் 1,600 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது. இதற்கு மருந்து மரம் நடுவதல்ல, கால்வாயை அடைப்பது. நீர்மட்டம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்று அந்நாட்டு விதியே சொல்கிறது.

மத்திய ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்று வடிநிலத்தில் பெரிய பண்ணைகள் குறைவு. அங்கே சிறு குடும்பங்கள் காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் புனமும் நகரங்களுக்குப் போகும் கரியும்தான் முக்கியம். மண் மூடிய கரிமூட்டத்தில் பத்து கிலோ விறகு போட்டால் ஒன்று முதல் இரண்டு கிலோ கரிதான் தேறும். மூட்டத்தில் எங்காவது ஓட்டை விழுந்து காற்று புகுந்தால் அதுவும் சாம்பல்.

விளைவுகளில் கார்பனைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், மழையைப் பற்றி எழுதுவது குறைவு. அமேசானில் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி, அதே காடு வேரால் உறிஞ்சி இலை வழியே விட்ட நீர் என்று 1970களிலேயே பிரேசில் விஞ்ஞானி எனியாஸ் சலாட்டி நீரிலுள்ள ஐசோடோப்களை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களை) அளந்து காட்டினார். மரம் போனால் அந்தச் சுழற்சி அறுகிறது. பிரேசிலின் மாட்டோ குரோசோ மாநிலத்தில் சோயா அறுத்த கையோடு அதே நிலத்தில் மக்காச்சோளம் விதைப்பது வழக்கம். மழைப் பருவம் தள்ளிப்போனால் முதலில் அடிவாங்குவது அந்த இரண்டாம் போகம்தான். காட்டை அழித்து உழுதவரின் வயலுக்கே அது திரும்பி வருகிறது.

மிச்சம் வைத்த துண்டுக் காடும் முழுசாக இருப்பதில்லை. பிரேசில் அமேசானின் மனௌஸ் நகருக்கு வடக்கே 1979 முதல் ஒன்று, பத்து, நூறு ஹெக்டேர் துண்டுகளைத் தனித்தனியாக விட்டு அளந்து வருகிறார்கள். விளிம்பிலிருந்து சுமார் நூறு மீட்டர் வரை வெயிலும் காற்றும் புகுந்து, பெரிய மரங்களே முதலில் சாகின்றன. ஒரு ஹெக்டேர் துண்டு என்பது நூறு மீட்டர் சதுரம். அதாவது அதற்கு உட்புறமே கிடையாது. இப்படி உலர்ந்த விளிம்பில்தான் மேய்ச்சல் நிலத்துத் தீ நுழைகிறது.

'வெட்டியதற்குப் பதில் பத்து மடங்கு நடுவோம்' என்ற வாக்குறுதியையும் இங்கேதான் வைத்துப் பார்க்க வேண்டும். லத்தீன் அமெரிக்காவில் 45 இடங்களில் எடுத்து 2016இல் வெளியான ஆய்வின்படி, வேரும் விதையும் மிச்சமுள்ள நிலத்தில் காடு தானாக முளைத்தாலும், பழைய காட்டு மரங்களின் எடையில் 90 சதவீதத்தை எட்டப் பொதுவாக 66 ஆண்டுகள் ஆகின்றன. ஒரே இன மரத்தை வரிசையாக நட்டு ஏழெட்டு ஆண்டில் காகிதக் கூழுக்கு வெட்டும் தோட்டத்துக்கும் இதற்கும் ஒப்பே இல்லை.

தடுக்க முடியாது என்பதும் உண்மையல்ல. பிரேசில் அமேசானில் 2004இல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்த இழப்பு 2012இல் 4,571 ஆனது. செயற்கைக்கோள் எச்சரிக்கை வந்ததும் அதிகாரிகள் களத்துக்குப் போனார்கள். 2006இல், புதிதாக அழித்த நிலத்துச் சோயாவை வாங்குவதில்லை என்று பெரிய வணிகர்கள் ஒப்புக்கொண்டார்கள். 2008இல், சுற்றுச்சூழல் விதிகளுக்குக் கட்டுப்படாத பண்ணைக்கு வங்கிக் கடன் இல்லை என்றது அரசு. இதில் கடன் நிறுத்தம்தான் நன்றாகச் சுட்டது என்பது என் கணிப்பு. ஆனால் சோயா ஒப்பந்தம் அமேசானுக்கு மட்டும் என்பதால் பக்கத்திலுள்ள செராடோ என்ற சவன்னாவில் (புல்லும் இடையிடையே மரமும் உள்ள நிலத்தில்) சோயா விரிந்தது. கண்காணிப்பு தளர்ந்தபோது 2021இல் இழப்பு மறுபடி 13,000ஐத் தாண்டியது. 2020க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி, கோகோ, ரப்பர் முதலான ஏழு பொருட்களைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 சட்டமோ, நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

ஆகவே ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். காடழிப்பு எண் அச்சேறும்போது, அது மொத்தமா நிகரமா, பழங்காடா தோட்டமா, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று ஒரு வரி சேருங்கள். 'இத்தனை கால்பந்து மைதானம்' என்பதை விட்டுவிடலாம், அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை. படத்தையும் மாற்றிப் பாருங்கள். ரம்பத்தோடு நிற்கும் ஆளின் படத்துக்குப் பதில், இரண்டு ஆண்டு கழித்து அதே இடத்தில் என்ன மேய்கிறது, என்ன விளைகிறது என்ற படம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்