நெதர்லாந்தில் பழைய வீடு வாங்கும் பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பழகிய நம் பிள்ளைகள் சிலர் நெதர்லாந்தில் ஐந்தோவன், வெல்டோவன் பக்கம் சிப் இயந்திர வேலைக்குப் போய், சில வருடம் வாடகை கட்டிச் சலித்து, இப்போது அங்கேயே வீடு பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்துப்போகும் வீடு பல நேரங்களில் பழைய ஊரின் நடுவில், தேவாலயத்தைச் சுற்றியுள்ள செங்கல் தெருவில் இருக்கிறது. இங்கே பினாங்கில் கல்யாண மண்டபத்திலும் கோயில் அன்னதானத்திலும் பேசிக்கொள்ளும் பெற்றோரிடம் நான் கேட்பது இரண்டே யோசனைதான். ஒன்று, "அவ்வளவு பழைய வீடு எதுக்கு, புதுசா ஒரு தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடு மாதிரி பாரு." இன்னொன்று, "விலை ஏறிக்கிட்டே இருக்கு, உடனே கையெழுத்துப் போடு, பணம் அனுப்புறோம்." இரண்டும் நம்மூரில் வீடு வாங்கிய அனுபவத்தில் சொல்வது. அங்கே சட்டம் வேறு, மண் வேறு, விலை பேசும் முறையே வேறு. என் மகளும் மருமகனும் வாங்கியபோது தொடக்கம் முதல் கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பழைய ஊர் நடுவில் வீடு வாங்குவது தப்பான முடிவே இல்லை. நடந்து போய் ரொட்டி வாங்கலாம், சைக்கிளில் குழந்தையைப் பள்ளியில் விடலாம், எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். நம் பிள்ளைகள் அதைத் தேடிப் போவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எதைக் கேட்டுவிட்டு வாங்க வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டச்சுக்காரர்கள் 1961-லேயே பழைய கட்டடங்களுக்கென்று சட்டம் போட்டுவிட்டார்கள். தனி வீட்டைக் காப்பதோடு ஓர் ஊரின் தோற்றத்தையே மொத்தமாகக் காக்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. தெரு வளைந்து போகும் விதம், வீடுகள் நிற்கும் வரிசை, கூரையின் சரிவு, சதுக்கத்தின் வெட்டவெளி எல்லாம் சேர்ந்துதான் ஊர் என்ற எண்ணம். இப்படிக் காக்கப்படும் நகரப் பகுதிகளும் கிராமங்களும் இன்று நாட்டில் நானூறுக்கு மேல் இருக்கின்றன. தெற்கே வெள்ளையடித்த வீடுகள் நிறைந்த தோர்ன், ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே மரவீடுகள் நிற்கும் புரூக் இன் வாட்டர்லேண்ட் எல்லாம் இந்த வகை. இந்த இடத்தில்தான் பெரும்பாலான பெற்றோர் குழம்புகிறார்கள். ஊர் பாதுகாக்கப்பட்டது என்றால் வீடும் பாதுகாக்கப்பட்டது என்று அர்த்தம் இல்லை. ஊர்த்தோற்றம் மட்டும் காக்கப்பட்டால் தெருவிலிருந்து பார்க்கும்போது தெரிவதுதான் முக்கியம். உள்ளே சமையலறையை மாற்றலாம், குளியலறையைப் பெரிதாக்கலாம். வீடே தேசிய நினைவுச்சின்னப் பட்டியலில் இருந்தால் கதை வேறு. உள்ளே இருக்கும் மாடிப்படி, உத்தரம், பழைய கதவு, ஓடு பதித்த அடுப்பு மேடை வரைக்கும் சட்டத்துக்குள் வந்துவிடும், வெளிச்சாயத்தின் நிறத்தை மாற்றக்கூட நகராட்சியிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். இவை தவிர நகராட்சியே தனியாக வைத்திருக்கும் பட்டியலும் உண்டு. தேசியப் பட்டியல் எல்லோருக்கும் திறந்தது, இணையத்தில் முகவரியைத் தட்டினால் தெரிந்துவிடும். நகராட்சிப் பட்டியலை நகராட்சியிடமே கேட்டுக்கொள்ளலாம். வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளில் வாஸ்து பேச்சு வராமல் வீடு வாங்குவதில்லை. வாசல் கிழக்கே இருக்கட்டும், அடுப்பு அக்கினி மூலைக்கு வரட்டும், பூசையறைக்கு ஒரு சுவர் எழுப்பட்டும் என்று இங்கிருந்து போனில் சொல்கிறோம். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் பட்டியலில் உள்ள வீட்டில் வாசலைத் தள்ளி வைக்க முடியாது. நம் சமையலுக்கு நல்ல புகைபோக்கி வேண்டும், அதற்குத் தெருப்பக்கச் சுவரில் ஓட்டை போட முடியாது. கூரையின் முன்பக்கத்தில் சூரியத்தகடு வைப்பதற்கும் ஒற்றைக் கண்ணாடி சன்னலை மாற்றுவதற்கும் கூட அனுமதி தேவைப்படும் இடங்கள் உண்டு. இதெல்லாம் வாங்கிய பிறகு தெரிந்தால் மனக்கசப்புதான். வாங்குவதற்கு முன்பு தெரிந்தால் வாசல் ஏற்கெனவே சரியாக அமைந்த வீட்டைப் பார்க்கலாம், சமையலறை பின்பக்கம் இருக்கும் வீட்டைப் பார்க்கலாம். என் மகள் அப்படித்தான் பார்த்தாள்.

கட்டுப்பாடு மட்டும் அல்ல, உதவியும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேசியப் பட்டியலில் உள்ள வீட்டின் சொந்தக்காரர்களுக்குப் பராமரிப்புச் செலவில் ஒரு பங்கை அரசு மானியமாகத் தருகிறது. 2019-இல் பழைய வரிக்கழிவுக்குப் பதிலாக இதைத் தொடங்கியபோது அது 38 விழுக்காடு. மறுசீரமைப்புக்குக் குறைந்த வட்டியில் கடன் தர 1985 முதல் ஒரு தேசிய நிதி அமைப்பும் இயங்குகிறது. வெறும் ஊர்த்தோற்றப் பகுதியில் இருக்கும் சாதாரண வீட்டுக்கு அந்த மானியம் கிடையாது.

அப்புறம் மண். பெற்றோர் யாரும் கேட்காத, ஆனால் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி இதுதான். நெதர்லாந்தின் மேற்கிலும் வடக்கிலும் கரிமண்ணும் களிமண்ணும். அங்கே பழைய வீடுகள் பல மரத்தூண்களின் மேல் நிற்கின்றன, இல்லாவிட்டால் ஆழமில்லாத அடித்தளத்தில் நிற்கின்றன. மரத்தூண் நிலத்தடி நீருக்குள் முழுக்க மூழ்கி இருக்கும்வரை நூற்றாண்டுக் கணக்கில் தாங்கும். வறண்ட கோடை வந்து நீர்மட்டம் இறங்கினால் தூணின் தலைப்பக்கம் காற்றுப்பட்டு அழுக ஆரம்பிக்கும். சுவரில் விரிசல், கதவு மூட மறுப்பது, தரை சாய்வது எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. 2024-இல் அரசின் ஆலோசனைக் குழு ஒன்று, அடித்தளச் சேதம் உள்ள அல்லது விரைவில் வரக்கூடிய கட்டடங்கள் சுமார் 4,25,000 என்று கணக்குச் சொன்னது. பழுது பார்க்கும் செலவு ஒரு வீட்டுக்கு லட்சம் யூரோவை எட்டலாம், சாதாரண வீட்டுக் காப்புறுதி அதைத் தராது. ஐந்தோவன் இருக்கும் பிராபாண்ட் பக்கம் பெரும்பாலும் மணல்நிலம், அதனால் இந்தத் தூண் தொல்லை அங்கே குறைவு. ஆனால் ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றலாகி வடக்கே ஏதாவது அழகான கிராமத்தில் வீடு பார்க்கும் பிள்ளைகளுக்கு இது உயிர்க்கேள்வி. 2024 ஏப்ரல் முதல் வங்கிக்கான மதிப்பீட்டு அறிக்கையில் அடித்தள அபாயத்துக்கு ஏ முதல் இ வரை ஒரு தரக்குறியீடும் வருகிறது. அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

மணல்நிலத்து வீட்டுக்கும் நோய் உண்டு. பழைய செங்கல் மென்மையானது, அதைச் சுண்ணாம்புக் கலவையில் கட்டியிருப்பார்கள். பிறகு வந்தவர் யாரோ சிமெண்டு பூசினால் சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கலையே உதிர்த்துவிடும். ஜார்ஜ்டவுனில் கடைவீடு வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தரத் தேவையில்லை, சூலியா ஸ்திரீட்டில் சிமெண்டு பூசிய சுவர்களின் அடிப்பக்கம் பொரிந்து கிடப்பதை நடந்து போகும்போதே பார்க்கலாம். சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் நுனிதான் முதலில் உளுத்துப்போகும், அதுவும் வெளியே தெரியாது. மகளின் வீட்டில் ஆய்வாளர் ஊசி மாதிரி ஒரு கருவியை உத்தரத்தில் குத்திப் பார்த்தார், ஒரு நுனியில் அது அப்படியே உள்ளே இறங்கியது. அந்த ஒரு விஷயத்தை வைத்து விலையைத் திரும்பப் பேச முடிந்தது.

அந்த ஆய்வே நடந்திருக்காது, அதையும் சொல்ல வேண்டும். இங்கே விற்பவர் சொன்ன விலையிலிருந்து நாம் குறைத்துக் கேட்போம். அங்கே போட்ட விலை வெறும் தொடக்கம், பல இடங்களில் வாங்குபவர்கள் அதற்கு மேலேதான் கேட்கிறார்கள், யார் எவ்வளவு கேட்டார்கள் என்பதும் தெரியாது. போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்றால் "கட்டட ஆய்வுக்கு உட்பட்டது", "கடன் கிடைப்பதற்கு உட்பட்டது" என்ற நிபந்தனைகளை (ஆய்வில் பெரிய குறை வந்தாலோ கடன் கிடைக்காவிட்டாலோ விலகிக்கொள்ள இவைதான் வழி) விட்டுவிடுங்கள் என்று முகவர்கள் சிலர் சொல்வார்கள். மகளிடமும் ஒருவர் அப்படித்தான் வற்புறுத்தினார். இங்கிருந்து உறவினர்களும் "விட்டுடு, வீடு கைநழுவிடும்" என்று அதே பாட்டைப் பாடினார்கள். புதுக் குடியிருப்பில் அந்த நிபந்தனையை விட்டால்கூட ஒருவேளை தப்பிக்கலாம், இருநூறு வருடச் சுவருக்கு எப்படி விட முடியும்? அதுவும் பழைய வீட்டு ஒப்பந்தங்களில் வயது பற்றி ஒரு பிரிவு சேர்ப்பார்கள்: இது பழைய கட்டடம், புதுக் கட்டடத்தின் தரத்தை எதிர்பார்க்கக் கூடாது என்று வாங்குபவர் ஒப்புக்கொள்வதாக. அதில் கையெழுத்துப் போட்ட பிறகு குறை கண்டுபிடித்துச் சண்டை போடுவது ரொம்பக் கடினம். 1993-க்கு முன் கட்டியதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்றும் தனியாக ஒரு பிரிவு வரும். ஒப்பந்தம் டச்சு மொழியில் இருக்கும், புரியாத பக்கத்தை மொழிபெயர்த்துத் தரச் சொல்லிப் படிக்க வேண்டும்.

பணக் கணக்கிலும் நம் பழக்கம் அங்கே செல்லாது. வங்கி வீட்டின் மதிப்பு அளவுக்கு முழுக் கடன் தரலாம், ஆனால் மதிப்பீட்டுக்கு மேல் போட்டியில் ஏற்றிக் கேட்ட தொகை, நோட்டாரிஸ் (சொத்துப் பத்திரம் எழுதும் சட்ட அதிகாரி) செலவு, வரி, ஆய்வுக் கட்டணம் எல்லாம் சொந்தக் கையிலிருந்து போக வேண்டும். ஓய்வுக்காலச் சேமநிதியான இபிஎஃப்பில் 55 வயதில் எடுத்ததை நாம் அனுப்புவது பெரும்பாலும் அந்த இடைவெளியை அடைக்கத்தான். சொத்தைக் கைமாற்றும் நோட்டாரிஸ் இரண்டு தரப்புக்கும் பொதுவானவர், நம்மூர் மாதிரி நம் பக்கத்து லாயர் அல்ல, பணம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்பார், கேட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். அதனால் அனுப்பும்போது வங்கித் தாள்களைப் பத்திரமாக வையுங்கள், பல பேர் கணக்கில் பிரித்து அனுப்பிச் சிக்கலை உண்டாக்காதீர்கள். 35 வயது ஆகாதவர் முதல் வீட்டை வாங்கிக் குடியிருந்தால் கைமாற்று வரி கிடையாது, ஆனால் அதற்கு விலை உச்சவரம்பு உண்டு. 2026-க்கு அது 5,55,000 யூரோ. ஒரு யூரோ தாண்டினாலும் முழு விலைக்கும் 2 விழுக்காடு கட்ட வேண்டும். போட்டியில் "இன்னும் கொஞ்சம் ஏத்து" என்று சொல்லும்போது இந்தக் கோட்டை நினைவில் வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கான வரிச்சலுகை ஐந்து வருடம்தான், அது முடிந்ததும் கையில் வரும் சம்பளம் இறங்கும், மாதத் தவணையை அந்தச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

"பிடிக்கலைன்னா வாடகைக்கு விட்டுட்டு வந்துடு" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 2022 முதல் நகராட்சிகள் தங்கள் பகுதியைக் குறித்து, அங்கே வாங்கிய வீட்டை முதல் நான்கு வருடத்துக்கு அனுமதியில்லாமல் வாடகைக்கு விடக் கூடாது என்று தடை போட முடியும். குடியிருக்காமல் வாங்கினால் கைமாற்று வரியும் 2 விழுக்காடு அல்ல, 2026 முதல் 8. குடியிருப்பவர்கள் கையில் வீடு இருக்கட்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம், எனக்கு அதில் முழு உடன்பாடு. நம் ஜார்ஜ்டவுனில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997-இல் நீக்கி, 2000 தொடக்கத்தில் அது முழுசாக முடிவுக்கு வந்தபோது, தலைமுறையாகக் கடைவீடுகளின் மாடியில் குடியிருந்த எத்தனை குடும்பங்கள் வெளியேறின என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியல் வந்தது, கட்டடங்கள் பிழைத்தன, பல கட்டடங்களில் குடியிருந்தவர்கள் இல்லை. 2009-இல் குளுகோரில் மாடு வளர்த்து வாழ்ந்த நம் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டது இன்னும் எனக்கு ஆறவில்லை. ஒரு கிராமத்தை அதன் தெருவோடும் அதன் மனிதர்களோடும் சேர்த்துப் பார்க்கும் ஊரில் நம் பிள்ளை வீடு வாங்குகிறான் என்றால், அந்த விதிகளைத் தொல்லையாகப் பார்க்காமல் மதித்து வாங்கச் சொல்வோமே.

இங்கே ஜார்ஜ்டவுன் பாரம்பரிய எல்லைக்குள் பழைய கடைவீடு வாங்க நினைப்பவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். முகப்பையோ ஓட்டுக்கூரையையோ அஞ்சடியையோ (கடை முன்னால் உள்ள நடைவழி) இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, 2016-இல் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டம் அதைச் சொல்கிறது. முன்பணம் கட்டுவதற்கு முன்பே மாநகர் மன்றத்தில் போய்க் கேட்டுவிடுங்கள், கட்டிய பிறகு அல்ல.

கடைசியாக ஒன்று, இதை இன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லலாம். நெதர்லாந்தில் வீட்டு ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டு அதன் நகல் வாங்குபவர் கைக்கு வந்த மறுநாளிலிருந்து மூன்று நாள் அவகாசம் சட்டப்படி உண்டு, அதில் குறைந்தது இரண்டு நாள் வேலைநாளாக இருக்க வேண்டும். அந்த மூன்று நாளில் காரணமே சொல்லாமல், அபராதம் இல்லாமல் விலகலாம். விற்பவருக்கு அந்த உரிமை கிடையாது. ஆய்வு நிபந்தனை இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்ட பிள்ளை யாராவது இருந்தால், அந்த மூன்று நாளுக்குள் ஓர் ஆய்வாளரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், அறிக்கை வரும்வரை இங்கிருந்து போன் போட்டு நெருக்காதீர்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு