நிறுத்து என்றதும் நிறுத்திய தங்கச்சிக்கு

ஆள் இல்லாமலே காதில் கேட்கும் குரல்களை, தலைமேல் காந்தத்தை வைத்துத் தணிக்க முடியுமா என்று பார்க்கும் ஆய்வில் தம்பி நேற்று கடைசி சிட்டிங்கை முடித்துவிட்டான். ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துத் தந்த சித்தப்பா, பெங்களூரில் மாடி அறையைத் திறந்துவிட்ட வீட்டுக்கார அம்மா, ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வரிவரியாக விளக்கி அவனே கையெழுத்துப் போடும்வரை காத்திருந்த டாக்டர், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு.

ஆனால் இந்த மடல், தலைமேல் வைக்கும் காந்தச் சுருளை, அதாவது காயிலைப் பிடித்த டெக்னீஷியன் தங்கச்சிக்குத்தான்.

தன் தலைக்குள் யாரோ எதையோ வைத்துவிட்டார்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறவன் அவன். அந்தத் தலையில்தான் காந்தத்தை வைக்கப்போகிறார்கள். எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. முதல் நாள், கட்டைவிரல் துடிக்கும் அளவைத் தேடினார்கள். காந்தத்தின் வலு ஆளுக்கு ஆள் அதை வைத்துத்தான் முடிவாகுமாம். விரல் தானாகத் துள்ளியதும் அவன் முகம் வெளுத்தது. "பாத்தியாக்கா, என் விரலை வேற யாரோ ஆட்டுறாங்க" என்றான். நான் சமாதானம் சொல்ல வாயெடுப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்: "ஆமா சார், ஆட்டுனது நான்தான், இந்த மெஷின வச்சு. நிறுத்துன்னு சொல்லுங்க, நிறுத்திடறேன்."

அப்படி ஒரு பதிலை அவனுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

அப்புறம் இடது காதுக்கு மேலே, சற்றுப் பின்னால், நொடிக்கு ஒரு தட்டு. ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே "நிறுத்துங்க" என்றான். நிறுத்தினீர்கள். ஏன் என்று கேட்கவில்லை. அவன் தலையாட்டியதும் தொடங்கினீர்கள். மறுபடி "நிறுத்துங்க". வலியெல்லாம் இல்லை, உங்களைச் சோதித்துப் பார்க்கிறான் என்பது எனக்கே புரிந்தது. வெளியே அடுத்தவர் காத்திருந்தார். உங்கள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மறுநாள் இயர்பிளக்கை அவனே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

குரல்கள் நின்றுவிட்டனவா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று பேசுகின்றன என்கிறான். அதுகூட எதனால் என்று சொல்வதற்கில்லை. இது சோதனைதானே, அவனுக்கு வந்தது நிஜக் காயிலா, டக் டக்கென்று சத்தம் மட்டும் போடும் பொய்க் காயிலா என்பது அவனுக்கும் தெரியாது, குரல்கள் எவ்வளவு தணிந்தன என்று மதிப்பெண் போடும் டாக்டருக்கும் தெரியாது. யேல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ஹாஃப்மன் குழு இதைப் பற்றி 2000இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய பிறகு பலரும் முயன்றிருக்கிறார்கள். சிலருக்குக் குரல்கள் தணிந்தன. சில ஆய்வுகளில் பொய்க்கும் நிஜத்துக்கும் வித்தியாசமே காணோம். எல்லாம் தெரிந்துதான் சம்மதித்தோம்.

இனி வீட்டில் அவன் "போதும்" என்றால், சோறு போடுவதானாலும் சரி, சொந்தக்காரர்கள் துருவித் துருவிக் கேட்பதானாலும் சரி, அத்தோடு நிறுத்திவிடுவது என்று அம்மாவும் நானும் முடிவு செய்திருக்கிறோம். மாத்திரைக்கு மட்டும் இது செல்லாது. அதை உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

உங்களிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். எந்தக் காயில் என்பதைச் சொல்ல அனுமதி வந்ததும் முதலில் அவனிடம் சொல்லுங்கள். எங்களுக்கு அவன் சொல்லட்டும்.