தேனீக்கள் குறைகின்றனவா? பெட்டிக் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் தேனீக்கள் பற்றி வந்த அட்டைப்படக் கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் "வளர்ப்புத் தேனீக்கள் ஆண்டுக்கு 40 சதவீதம் குறைந்து வருகின்றன" என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. உண்மையிலேயே அப்படிக் குறைந்தால் நூறு பெட்டி (ஒரு பெட்டிக்கு ஒரு கூட்டம்) ஐந்தே வருடத்தில் எட்டாகிவிடும். பத்தாவது வருடம் ஒன்று மிஞ்சினால் அதிசயம். இந்த 40 சதவீதப் பேச்சோ பத்து வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டிகளும் இருந்துகொண்டுதான் இருக்கின்றன.

அந்த எண் பொய்யல்ல. அமெரிக்காவில் தேனீ வளர்ப்பவர்களிடம் வருடாவருடம் கேட்டு எடுக்கும் இழப்புக் கணக்கு அது. ஒரு வருடத்தில் எத்தனை கூட்டம் செத்தது என்பதை மட்டும் சொல்லும். அதே வருடத்தில் எத்தனை புதிதாக உண்டாக்கப்பட்டது என்பது அதில் இல்லை. நானும் சில வருடங்கள் நாலைந்து பெட்டி வைத்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், தேனீ விஷயத்தில் அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம்.

பூக்காலம் தொடங்கியதும் பலமான கூட்டம் ஒன்றைத் திறந்து, முட்டையும் புழுவும் உள்ள, தேனடை கட்டிய மரச்சட்டங்களில் பாதியைத் தேனீக்களோடு எடுத்து வேறு பெட்டியில் வைப்போம். ராணி ஒரு பக்கம் தங்கிவிடும். ராணி இல்லாத பக்கம் இளம்புழு ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தானே ஒரு ராணியை வளர்த்துக்கொள்ளும். பொறுமை இல்லாதவர்கள் விலைக்கு வாங்கி விடுவார்கள். நல்ல ராணி நாளுக்கு ஆயிரம் முட்டைக்கு மேல் இடும். இரண்டு மூன்று மாதத்தில் இரண்டு பெட்டியும் நிறைந்துவிடும். ஆக, நூறில் நாற்பது போனாலும், மிச்சமுள்ள அறுபதில் நாற்பதைப் பிரித்தால் மறுபடி நூறு. மாடு செத்தால் இப்படி ஈடுகட்ட முடியாது.

ஆனால் அந்த நூறும் பழைய நூறும் ஒன்றல்ல. பிரித்த கூட்டம் அந்தப் பருவத்தில் பெரிதாகத் தேன் தராது. சர்க்கரைப் பாகு ஊற்ற வேண்டும், ராணிக்குக் காசு, மருந்துக்குக் காசு. எண்ணிக்கை அசையாமல் நிற்கும், வளர்ப்பவரின் முதுகுதான் ஒடியும். கட்டுரையில் இந்தக் கஷ்டத்துக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

சரி, உலகக் கணக்குக்கு வருவோம். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1961 முதல் பெட்டிக் கணக்கு வைத்திருக்கிறது. அப்போது ஏறக்குறைய 5 கோடி; இப்போது 10 கோடியைத் தொட்டுவிட்டது. இந்தியா, சீனா, துருக்கி மூன்றும் பட்டியலின் உச்சியில் இருக்கின்றன. கணக்கு அனுப்பாத நாடுகளுக்கு அந்த அமைப்பே உத்தேசமாக எண் போடும் என்பதால் கடைசி இலக்கம் வரை நம்பத் தேவையில்லை. போக்கு மேல்நோக்கித்தான்.

இறங்கிய இடங்களும் உண்டு. அமெரிக்காவில் 1940களின் பிற்பகுதியில் 60 லட்சத்தை நெருங்கியிருந்த எண்ணிக்கை, பிறகு பாதிக்கும் கீழே போனது. தேனீக்களின் உடலில் ஒட்டி வாழும் வரோவா உண்ணி அங்கே கண்டுபிடிக்கப்பட்டது 1987இல். இறக்கம் அதற்கு நெடுநாள் முன்பே தொடங்கிவிட்டது. போதாக்குறைக்கு, நடுவில் சில வருடங்கள் கணக்கே எடுக்கவில்லை. 1986இல் மறுபடி தொடங்கியபோது ஐந்து பெட்டிக்குக் குறைவாக வைத்திருப்பவர்களை விட்டுவிட்டார்கள். கிழக்கு ஐரோப்பாவில் 1990ஐ ஒட்டிச் சரிந்ததற்கும் பூச்சிமருந்தோ நோயோ முதல் காரணமல்ல. அரசாங்கம் கவிழ்ந்தது, ஆதரவு நின்றது, பெட்டி போனது. தேனீ எண்ணிக்கையைச் செய்தித்தாளின் அரசியல் பக்கத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது!

வரோவாவைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆசியாவின் அடுக்குத் தேனீயோடு காலங்காலமாக ஒத்து வாழ்ந்த உண்ணி அது. அந்தத் தேனீயின் கூட்டில் பெரும்பாலும் ஆண் புழு அறைகளில்தான் பெருகும். உலகெங்கும் பெட்டியில் வளர்க்கும் மேற்கத்தியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்தபோது அதற்குத் தாவியது. அதன் கூட்டில் பணித்தேனீக்களின் அறையிலும் புகுந்து பெருகி, வைரஸையும் பரப்புகிறது. தப்பித்திருந்த ஆஸ்திரேலியாவிலும் 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தருகே கண்டுபிடிக்கப்பட்டது. ஒழித்தே தீருவது என்று பெட்டிகளை அழித்துப் பார்த்தார்கள். 2023 செப்டம்பரில் கைவிட்டு, இனி சமாளித்து வாழ்வது என்று முடிவெடுத்தார்கள். மருந்து வைக்காத மேற்கத்தியத் தேனீக் கூட்டம் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும். ஆகவே பெட்டி எண்ணிக்கை என்பது மனிதர்கள் எவ்வளவு உழைக்கிறார்கள், அந்த உழைப்பு கட்டுப்படியாகிறதா என்பதன் அளவு. இயற்கையின் நலத்தை அதில் பார்க்க முடியாது.

கட்டுப்படியாவதற்குத் தேன் மட்டும் காரணமல்ல. கலிஃபோர்னியாவில் பிப்ரவரியில் பாதாம் பூக்கும்போது அமெரிக்கப் பெட்டிகளில் பாதிக்கு மேல் லாரியேறி அங்கே போகின்றன, வாடகைக்கு. மார்செலோ ஐசன், லாரன்ஸ் ஹார்டர் இருவரும் 2009இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டில் உலகில் வளர்ப்புக் கூட்டங்கள் 45 சதவீதம் கூடின. மகரந்தச் சேர்க்கைக்குப் பூச்சிகளை நம்பும் சாகுபடியோ 300 சதவீதத்துக்கு மேல் பெருகியது. பெட்டி கூடியும் போதவில்லை என்ற பேச்சு எழுவது இந்த இடைவெளியால்தான். கட்டுரை சொல்லியிருக்க வேண்டிய எண் இது.

அப்புறம், தேனீ என்றதும் நாம் நினைப்பது ஒரே ஒரு இனத்தை. உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை மண்ணிலோ குச்சியின் துளையிலோ தனியாகக் குடியிருப்பவை. பெட்டியும் கிடையாது, பிரித்துப் பெருக்க ஆளும் கிடையாது, பலவற்றுக்குத் தலையெண்ணிக்கையும் கிடையாது. ஃபிராங்க்ளின் பம்பிள்பீ என்ற அமெரிக்க இனத்தைக் கடைசியாகக் கண்டது 2006இல். 'தேனீயைக் காப்போம்' என்று அலுவலக மொட்டைமாடியில் பெட்டி வைக்கும் நிறுவனங்கள் ஏற்கெனவே பெருகிவரும் இனத்துக்கே இன்னும் இடம் தருகின்றன. பூ குறைவான இடமாக இருந்தால் அந்தப் பெட்டி மற்றத் தேனீக்களுக்குப் போட்டி.

இழப்பு சதவீதத்தைப் போடும்போது பக்கத்திலேயே மொத்த எண்ணிக்கையையும், எந்த நாட்டின் கணக்கு என்பதையும் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. அட்டைப்படத்தில் இருப்பது தேனீ அல்ல. தேனீக்கு நான்கு இறக்கை. படத்தில் இரண்டுதான் தெரிகிறது, மீசையும் குட்டையாக இருக்கிறது. தேனீ போல் மஞ்சள் வரி போட்டுக்கொண்டு திரியும் ஒரு வகை ஈ அது. மகரந்தத்தை அதுவும் சுமக்கிறது. அதற்குப் பெட்டியும் இல்லை, கணக்கும் இல்லை. உங்கள் அட்டையில் ஒரு வாரம் இடம் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. கீழே பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர் ஒருவர்