விண்ணப்பத்தில் ஒரு கட்டம்

ஆசிரியருக்கு,

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இளைஞர்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். வீடு, உதவித்தொகை பற்றியெல்லாம் இருந்தது. சரி, அவையும் வேண்டும்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள், என்ன வரைகிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவர்களுக்குப் பிறப்பால் மட்டும் குடியுரிமை கிடைப்பதில்லை. அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமைக்கு வழிவகுத்த 2019 சட்டத் திருத்தத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. நம் பள்ளிகளில் படித்து வளர்ந்தும் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் அந்நியர்கள்.

காரைக்குடியில் மாலை நேரத்தில் தமிழ்ப் பாடம் சொல்லித் தருகிறேன். முகாமிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி ஒருத்தி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கவிதை எழுதுவாள். ‘பிறகு’ என்பதற்கு அம்மம்மா சொல்லும் ‘பேந்து’ம் நம்மூர் ‘ஆச்சி’யும் அதில் ஒரே வரியில் வரும். அவ்வளவு அழகு! ஒரு கவிதைப் போட்டி விண்ணப்பத்தில் ‘குடியுரிமை’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டாள். இத்தகைய போட்டிகளுக்குப் பள்ளி அடையாள அட்டையே போதும் என்று மாவட்ட நிர்வாகம் அறிவிக்க வேண்டும். தாங்களும் இவர்களின் எழுத்துக்கு வாரம் ஒரு கால் பக்கம் ஒதுக்குங்கள்.

– தமிழாசிரியர் ஒருவர், காரைக்குடி