போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்காதீர்கள்: கடலோரச் சொசைட்டி கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மும்பையின் மாஹிம், தாதர், மாட்டுங்கா மேற்குப் பக்கத்துக் குடியிருப்புச் சொசைட்டிகளின் கமிட்டி உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

கோடை வந்துவிட்டால் பொதுக்குழுவில் ஒரே பேச்சுதான். போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டது, இன்னும் நூறு அடி இறக்கலாம். போர் போடுகிறவரும் "கீழே தண்ணிக்குப் பஞ்சமே இல்லை சார்" என்பார். அவர் சொல்வது உண்மைதான். உலகத் தண்ணீரில் ஏறக்குறைய 97 சதவீதம் கடலில் இருக்கிறது. நம் கட்டடங்களுக்கு அடியில் ஆழம் போகப் போகக் கிடைக்கப்போவதும் அந்தத் தண்ணீர்தான்.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1000 கிராம் என்றால் கடல் தண்ணீர் சுமார் 1025 கிராம். இந்த 25 கிராம் வித்தியாசத்தில்தான் கடலோரக் கிணறுகள் பிழைக்கின்றன. மண்ணுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர், கனமான கடல் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும். கைபன் என்ற டச்சுக்காரரும் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் நூறு வருடத்துக்கு முன்பே இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார்கள். நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்தைவிட ஓர் அடி உயர்ந்திருந்தால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து மட்டத்தை ஓர் அடி இறக்கினால், உப்புத் தண்ணீர் கீழிருந்து 40 அடி வரை ஏறலாம். மெதுவாகத்தான் ஏறும், ஆனால் ஏறினால் லேசில் இறங்காது. இது சீரான மணலுக்கான கணக்கு. மும்பைக்கு அடியில் இருப்பதோ எரிமலைப் பாறை, விரிசல் வழியாகத்தான் தண்ணீர் ஓடும். அதனால் கணக்கு மாறும். நமக்குச் சாதகமாக மாறும் என்று நம்ப எனக்குத் தைரியமில்லை.

எவ்வளவு கலந்தால் கெடும்? கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு, அதாவது உப்பின் ஒரு பகுதி. குடிநீருக்கு பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பு வைத்த வரம்பு 250, வேறு வழியே இல்லையென்றால் 1000. நூறு வாளி நல்ல தண்ணீரில் ஆறு வாளி கடல் தண்ணீர் சேர்ந்தால் அந்தக் கடைசி வரம்பும் போச்சு.

"நாம் குடிக்கவா போகிறோம், ஃப்ளஷுக்குத்தானே" என்பீர்கள். எங்கள் கட்டடத்தில் ஃப்ளஷ் டேங்குக்குப் போகிற இரும்புக் குழாயின் எல்போவைத் தட்டினால் துரு செதில் செதிலாக உதிர்கிறது. மரையைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. சரி, குழாயை மாற்றிக்கொள்ளலாம். ஒழுகும் தண்ணீர் ஸ்லாபுக்குள் இறங்கினால்? குளோரைடு உள்ளே இருக்கும் கம்பியை அரிக்கும், துருவேறிய கம்பி பருக்கும், கான்கிரீட் வெடிக்கும். ரிப்பேர் ஃபண்டில் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

உப்பைச் சவ்வில் வடிகட்டும் பெரிய ஆர்.ஓ. வைத்துவிடலாம், சென்னையில் நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிநீராக்கவில்லையா என்று ஒருவர் எழுந்து கேட்பார். அது மாநகரம் செய்கிற வேலை. கடல் தண்ணீரைச் சவ்வு வழியாகத் தள்ள 55 பாருக்கு மேல், அதாவது காற்றழுத்தத்தைப் போல 55 மடங்குக்கு மேல், அழுத்தம் வேண்டும். எடுத்த தண்ணீரில் பாதிக்கு மேல், கிட்டத்தட்ட இரு மடங்கு உப்போடு வெளியே வரும். அதை எந்தச் சாக்கடையில் விடுவீர்கள்?

சர்ச்கேட் பக்கம் கிராஸ் மைதான ஓரத்தில் பீகா பெஹ்ராம் கிணறு இருக்கிறது. 1725-இல் வெட்டியது, பார்சிகள் இன்றும் வந்து கும்பிடுகிறார்கள். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில், நல்ல தண்ணீர். வால்கேஷ்வரில் பாணகங்கா குளத்துக்கும் கடல் கூப்பிடு தூரம்தான், அங்கேயும் ஊற்று உப்புக் கரிக்காது. இரண்டும் போர் கிடையாது. மேலே நிற்கிற தண்ணீரோடு திருப்திப்பட்டவை.

நமக்கும் அந்த மேல்தண்ணீர்தான் கதி, அதை ஊற வைக்கத்தான் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் 2000 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்வது வழக்கம். 500 சதுர மீட்டர் மொட்டை மாடியில் அது 10 லட்சம் லிட்டர், அதாவது 10,000 லிட்டர் டேங்கர் நூறு. பாதியைப் பிடித்தாலும் ஐம்பது டேங்கர். இப்போது அத்தனையும் வாசல் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போகிறது. அதை ஜல்லி, மணல் போட்ட குழி வழியாக மண்ணுக்குள் அனுப்புங்கள். மழையில் ஏற்கெனவே தண்ணீர் தேங்குகிற மூலையில் மட்டும் குழி வேண்டாம், அங்கே இறங்காது. மோட்டாரையும் சின்னதாக்கி, விட்டு விட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

புது போர் கொட்டேஷனை பாஸ் பண்ணுவதற்கு முன்னால் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். மோட்டார் போட்டதும் ஒரு ரீடிங், ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஒரு ரீடிங். வாட்ச்மேனே எடுத்து நோட்டீஸ் போர்டில் எழுதலாம். இரண்டாவது எண் எகிறினால், ஓட்டும் நேரத்தைக் குறையுங்கள். குழி வேலை மே மாதத்துக்குள் முடிய வேண்டும். ஜூன் பத்து வாக்கில் மழை பிடித்துவிடும், அப்புறம் வேலைக்கு ஆள் கிடைக்காது.

இப்படிக்கு,
மாஹிம் சொசைட்டி ஒன்றின் உறுப்பினர்